பவுனம்மாளின் நடைவண்டி

ஈரம் காயாத தரையில் மூன்று கோடுகள் ஓடியிருந்தன.

ரஞ்சனி காலி வாளியோடு அப்படியே நின்றாள். மகன் ரிஷி மைலோ பானத்தைக் கவிழ்த்துவிட்டான் என்று கூடம் முழுவதையும் துடைத்து, அழுக்குத் தண்ணீரைப் பின்வாசலில் கொட்டிவிட்டு வருவதற்குள் அவை விழுந்திருந்தன. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஸ்டோர் கதவிலிருந்து புறப்பட்டு, சோபாவைச் சுற்றி வளைந்து, பிள்ளை தூங்கிக்கொண்டிருந்த பாய் வரைக்கும் வந்து முடிந்த மூன்று மெல்லிய சக்கரத் தடங்கள். பாயின் ஓரத்தில், ரிஷியின் தலைமாட்டில், அந்த நடைவண்டி நின்றது.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"அத்தை," என்று மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள். "கொஞ்சம் வாங்க."

மாமியார் இந்திரா மூட்டுவலியோடு கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். நெற்றியில் அப்போதுதான் பூசிய விபூதி. பாதிப் படியில் வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நான்தான் வேணாம்னு சொன்னேனே. ஏன் எடுத்து வச்சீங்க?"

"நான் விளக்கேத்திக்கிட்டு இருந்தேன்மா. கீழேயே வரலை."

கிள்ளான் நகரில் மாமியார் குடும்பம் ஐந்து தலைமுறையாக வைத்திருந்த கடைவீட்டைப் போன மாதம் காலி செய்தார்கள். இந்திராவும் ஒரு மரப்பெட்டியும் இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பெட்டியில் ஒரு வெள்ளிப் பாலாடை, மரத்தில் கடைந்த கிலுகிலுப்பை, ஒரு விரல்கூட நுழையாத சின்னக் காப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த நடைவண்டி. ரஞ்சனியின் கணவன் சரவணனுடைய பாட்டனுக்கும் பாட்டன், கப்பலில் வந்து கிள்ளானில் வட்டிக்கடை போட்டவர், தன் கையால் இழைத்தது. அவருடைய மூத்த மகள் பவுனம்மாளுக்காக. வண்டி முடிவதற்குள் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. அவர் அதைத் தூக்கிப் போடவில்லை. பிள்ளையின் முடியைச் சன்னமாகப் பின்னி, கைப்பிடியில் சுற்றி, மேலே அரக்குப் பூசி முடித்தார். தினம் சாயங்காலம் ஆளில்லாத அந்த வண்டியைக் கடைவீட்டு நடையில் தானே தள்ளிக்கொண்டு போவாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் அதைப் பிடித்துத்தான் முதல் அடி வைத்திருக்கிறது. சரவணனும் அப்படித்தான்.

ரிஷிக்கு ஒன்றரை வயது ஆகப்போகிறது. இன்னும் நடக்கவில்லை. சில பிள்ளைகள் மெதுவாகத்தான் நடக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று கிளினிக்கில் டாக்டர் சொல்லியிருந்தார்.

"பிடிக்க விட்ரும்மா," என்றார் இந்திரா. குரல் இறங்கியிருந்தது. "ஒரே ஒரு தடவை. நாலு அடி நடக்கட்டும். அப்புறம் அவ விட்டுருவா."

"செத்தவங்க முடியை என் பிள்ளை தொடக் கூடாது, அத்தை."

"பாலனுக்கு நான் கொடுக்கலை."

பாலன், சரவணனுக்கு மூத்தவன். ஆற்றில் விழுந்து இறந்தவன். மாடியில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அவன் படமும் இருக்கிறது.

"எனக்கும் உன்னை மாதிரிதான், பிடிக்கலை. பாசார்ல பிளாஸ்டிக் வண்டி ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு வயசுல நடந்தான். நடந்த அன்னிக்கே பின்கதவு வழியா இறங்கினான். அழலை, திரும்பிப் பாக்கலை. ஆறு வரைக்கும் நடந்தான்."

வெளியே மசூதியின் தொழுகை அழைப்பு முடிந்து, தெருவில் மழைக்கு முந்தின புழுக்கம் இறங்கியிருந்தது. ரவாங்கில் ஒரு லோரிக்காரரின் மகளாக வளர்ந்த ரஞ்சனிக்குப் பயத்தோடு கை கட்டி நிற்கத் தெரியாது. பயம் வந்தால் அவளுக்கு ஏதாவது செய்தாக வேண்டும்.

"அப்படின்னா அவ பாலனைக் கொண்டு போயிருக்கா. அவ கையிலயே இவனையும் கொடுக்கச் சொல்றீங்க."

இந்திரா மிச்சப் படிகளை இறங்கி வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

"இவனைத் தூக்கி வச்சுக்குங்க. கீழ விடாதீங்க."

தூங்கும் பிள்ளையை மாமியாரின் மடியில் வைத்துவிட்டு, வண்டியைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். அது அந்த அளவுக்கு இருக்க வேண்டிய கனத்தைவிட அதிகமாகக் கனத்தது. போர்ச்சில் கார் இல்லை; சரவணன் வேலைக்காக ஜோகூரில் இருந்தான். சிமெண்டுத் தரையில் அதைப் படுக்கப் போட்டு, தோட்டத்துப் பாராங் கத்தியை எடுத்து, கைப்பிடியில் ஓங்கி வெட்டினாள்.

அரக்கு சில்லுச் சில்லாகத் தெறித்தது. உள்ளே இருந்த முடி நைந்து போயிருக்கவில்லை, தூசியாகவும் ஆகவில்லை. மெத்தென்று, கருகருவென்று, வெட்டிய இடத்தில் சுருண்டு வெளியே வந்தது. கூடவே வாசனை வந்தது. பழைய மரத்தின் வாசனையோ பூஞ்சையோ இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, துண்டில் சுற்றிக் கையில் வாங்கும் பச்சைப் பிள்ளையின் உச்சந்தலை வாசனை. ரஞ்சனியின் நெஞ்சு கனத்துக் கடுத்தது. ரிஷி பால் மறந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. இப்போது சட்டையின் முன்பக்கம் வெதுவெதுப்பாக நனைந்தது.

அவள் குனிந்து பார்த்துக்கொண்டாள். பாராங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"உனக்கு நான் அம்மா இல்லை," என்றாள் சத்தமாக. மறுபடியும் வெட்டினாள்.

பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் இறந்தவர்களுக்காகக் காகிதம் எரிக்கும் தகரப் பீப்பாய் வேலியோரத்தில் இருந்தது. துண்டுகளை அள்ளி அதில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தாள். மரம் எளிதில் பிடித்துக்கொண்டது. சக்கரங்கள் கடைசியாக எரிந்தன. கருகும் முடியின் நாற்றத்தில் கண்ணில் நீர் வந்தும், எல்லாம் கரியாகும் வரை முகத்தைத் திருப்பாமல் நின்றாள். அப்புறம்தான் மழை வந்தது. பெரிய பெரிய துளியாக. பீப்பாய் சீறியது, புகைந்தது, அடங்கியது.

முடிந்தது என்று நினைத்தாள்.

வீட்டுக்குள் சக்கரம் உருண்டது.

கிரீச்.

மழைச் சத்தமாக இருக்கலாம். விசிறியாக இருக்கலாம்.

கிரீச். கிரீச்.

ஓடினாள்.

சோபாவில் இந்திரா உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் பிள்ளையை அணைத்த மாதிரியே வளைந்திருந்தன. மடி காலி. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கண் மட்டும் சமையலறைப் பக்கம் போனது.

ரிஷி நடந்துகொண்டிருந்தான்.

தள்ளாடவில்லை. தேடவில்லை. சின்னப் பாதங்களை அழுத்தி வைத்து, பின்வாசலைப் பார்த்து. கிரில் அகலத் திறந்திருந்தது. அதற்கு அப்பால் மழை, சந்து, நிரம்பி ஓடும் பெரிய சாக்கடை.

அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ரஞ்சனி பாய்ந்து அவனுடைய இடது கையைப் பிடித்தாள். பிடித்து இழுத்தாள். அவன் வரவில்லை. வலது கையை வேறொன்று பிடித்திருந்தது. அவன் விரல்கள் ஒன்றுமில்லாத காற்றை மூடியிருந்தன, உள்ளங்கையில் இடைவெளி விட்டு, தடித்த ஒரு விரலைச் சுற்றி மூடுவதுபோல.

"விடு," என்றாள்.

அந்தப் பக்கம் இழுத்தது.

அவள் காலை நிலைப்படியில் ஊன்றினாள். "பவுனம்மா. இவன் என் பிள்ளை. விடு."

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. ரிஷியின் வலது கை பக்கவாட்டில் நீளவில்லை. மேலே போயிருந்தது. தோள்மூட்டு தெறிக்கும் அளவுக்கு நேர் மேலே, குதிகால் இரண்டும் தரையை விட்டு எழும்பும்படி. நடப்பதற்கு முன்பே செத்துப்போன பிள்ளையின் கை அவ்வளவு உயரத்தில் இருக்கக் கூடாது.

பவுனம்மாள் இறந்ததோடு நின்றுவிடவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்திருந்தாள். அவர்கள் வளர்வது நின்றபிறகும் வளர்ந்திருந்தாள்.

ரிஷி தலையை அண்ணாந்தான். இன்னும் அண்ணாந்தான். கழுத்து முழுவதும் மடிந்து, பார்வை உத்தரத்தைத் தொட்டது.

மேலே விசிறி இழுத்து இழுத்துச் சுற்றியது. இறக்கைகளில் ஏதோ சிக்கிச் சிக்கி விடுபட்டது. நீளமாக. கருப்பாக. ஈரமாக.

பிறகு விசிறி நின்றது. உத்தரத்தின் அருகிலிருந்து எண்ணெயும் சாம்பிராணியும் மணக்க, மெதுவாக, ஒரு சின்னக் குழந்தையைப் பார்க்கக் குனிகிறவர்களைப் போல, அது அவர்கள் இருவரையும் நோக்கிக் குனிந்தது.

ரஞ்சனி கண்ணை மூடவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை. முகத்தை நிமிர்த்தி, இறங்கி வருவதை நேராகப் பார்த்தாள்.