பெக்கேலோ என்றொரு பிழை

சலேலோலோகா துறையில் படகு வந்து நின்றதும் மழை பிடித்துக்கொண்டது. சமோவாவின் சவாயி தீவு மழை... சொல்லாமல் கொள்ளாமல் கொட்டுகிற மழை! வழக்குக் கோப்பைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடிய லூப்பே, எதிரே வந்த ஆள்மீது நன்றாகவே மோதினாள். கோப்பு சேற்றில் விழுந்தது. அவர் கையிலிருந்த பொட்டலம் பிரிந்து, பொரித்த மாவுருண்டைகள் நாலாபக்கமும் உருண்டன.

“கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?”

சீறிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். அந்தக் கண்கள்... ஓரத்தில் சுருக்கம் விழுந்திருந்தது. ஆனால் சிரிப்பு வருவதற்கு முன்பே இடது கண் மட்டும் லேசாக இடுங்குமே... அது மாறவில்லை. பெத்தேலோ!

அவன் கோப்பை எடுத்துச் சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினான்.

“மன்னித்தருள வேண்டும், அம்மையீர். பிழை என்னுடையது.”

லூப்பேயின் நெஞ்சில் சுருக்கென்றது. ‘த’ பேச்சு! சமோவாவில் தேவாலயத்திலும் மேடையிலும் அந்நியரிடமும் பேசுகிற பேச்சு. வீட்டிலும் கடற்கரையிலும் மனசுக்கு வேண்டியவர்களிடமும் அந்த ‘த’ எல்லாம் ‘க’வாகக் குழைந்துவிடும். மேடையில் அவன் பெத்தேலோ. ஒரு காலத்தில், அவளுக்கு மட்டும்... பெக்கேலோ.

அவள் சட்டக் கல்லூரி விடுமுறையில் வந்திருந்த வருடம் அது. புயலில் ஊரின் மின்கம்பிகள் அறுந்துபோயின. அவற்றைச் சரிசெய்ய வந்த கம்பியாள் அவன். அவன் கம்பத்தின் உச்சியில். இவள் கீழே புத்தகமும் மாம்பழமுமாக.

“பெக்கேலோ! சட்டத்துல ‘அலட்சியம்’னா என்னன்னு தெரியுமா?”

“தெரியுமே! ஒருத்தன் உசிரக் கையில பிடிச்சுக்கிட்டு மேல தொங்கும்போது, கீழ நின்னு மாம்பழம் திங்கிறது!”

எத்தனை சிரிப்பு... மூன்று வாரம் அந்த ஊருக்கு மின்சாரம் வரவில்லை. அதற்காக வருத்தப்படாத ஒரே ஆள் லூப்பேதான்.

அவள் மேற்படிப்புக்கு நியூசிலாந்தின் வெலிங்டனுக்குக் கிளம்பிய நாளில் அவன் விமான நிலையத்துக்கு வந்தான். போதகரான அவள் அப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார். அவள் ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அவனோ நிமிர்ந்து நின்று, “நலமாகச் சென்று வருக” என்றான். ‘த’ பேச்சில்! ஓகோ, நான் அந்நியமா என்று அவளுக்கு வீம்பு வந்தது. கடிதம் போடவில்லை. அவனும் போடவில்லை. இருபத்துமூன்று வருடம் ஓடிவிட்டது.

அதற்குள் அவள் வழக்கறிஞரானாள், அரசு வழக்கறிஞரானாள். போன வருடம் நாட்டின் மின்சார ஆணையத்துக்கே தலைவியானாள். யாருக்கும் பணியாத மின்நிறுவனம் அவள் பேனாவுக்குப் பயந்தது. ஆனால், வீட்டுக்குப் போனால் ‘க’ பேச்சுப் பேச ஆளில்லை.

“கல்யாணம்... குழந்தைங்க...?” மழையில் நின்றபடியே கேட்டுவிட்டு லூப்பே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“கம்பத்தையே கட்டிக்கொண்டவனுக்கு யார் பெண் தருவார்கள், அம்மையீர்? தாங்கள்?”

“நான் கோப்பைக் கட்டிக்கிட்டேன்.”

இடது கண் இடுங்கியது. ஆனால், சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

“நாளைய விசாரணையில் மலையூருக்கு மின்கம்பி கேட்டுத் தங்கள் முன் வாதாடப்போவது நான்தான். தங்களிடம் இப்படி நின்று பேசுவதே முறையில்லை.”

திரும்பிப் பார்க்காமல் மழைக்குள் போய்விட்டான்.

அன்று முழுக்க லூப்பே கோப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மனுதாரர் தரப்பில் ஒட்டு உறவு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு விலக வேண்டும், அதுதான் சட்டம். மறைத்தது பின்னால் தெரிந்தால் தீர்ப்பே செல்லாது, மலையூர் இருட்டிலேயே கிடக்கும். சொல்லலாம்... ஆனால் என்னவென்று சொல்வது? அவன் மனதில் ஒன்றுமே இல்லையென்றால் ஊர் முன்னால் மானம் போகுமே! ‘அதெல்லாம் பழைய கதை, இப்போது ஒன்றுமில்லை’ என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை. சுவரில்லாத ஊர் மண்டபத்தில் பெரியவர்கள் பாயில் சம்மணமிட்டிருந்தார்கள். வரவேற்புக்கான காவா வேர்ச்சாற்றுக் கிண்ணம் சுற்றிவந்து முடிந்தது. வானொலியில் நேரடி ஒலிபரப்பு. லூப்பே பிசிறில்லாத ‘த’ பேச்சில் விசாரணையைத் தொடங்கினாள்.

“மனுதாரரான மலையூர் சார்பில் பேச, மாண்புமிகு... பெக்கேலோ அவர்களை அழைக்கிறேன்.”

ஒரு பெரியம்மா விசிறியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான்... கொல்லென்று சிரிப்பு! ஆணையத் தலைவி, நாடே கேட்க, ஒரு ஆண்பிள்ளையை அடுக்களைப் பேச்சில் கூப்பிட்டுவிட்டாளே!

மின்நிறுவனத்தின் வழக்கறிஞர் பாதி எழுந்தார். “தலைவர் அவர்களுக்கு இவரை முன்பே தெரியுமோ?”

துணைத்தலைவர் ஃபலனிகோ அவள் காதோரம் குனிந்தார். “வாய் தவறிடுச்சுன்னு சொல்லிடுங்க மேடம். அதோட முடிஞ்சுது.”

லூப்பே பெத்தேலோவைப் பார்த்தாள். அவன் பாயையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது. பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்... வரவில்லை.

“வாய் தவறல,” என்றாள். “மனுதாரருக்காகப் பேசுபவர்மேல் தலைவருக்குத் தனிப்பட்ட ஈடுபாடு உண்டு. பதிவு செய்யுங்கள். இந்த வழக்கைத் துணைத்தலைவர் விசாரிப்பார். நேற்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு.”

“எப்போதிலிருந்து ஈடுபாடு?” வழக்கறிஞர் விடுவதாக இல்லை.

“இருபத்துமூன்று வருடமாக.” “அவருக்கும் உண்டா என்று எனக்குத் தெரியாது. பதிவில் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.”

உட்கார்ந்திருந்தவர்களுக்கு முன்னால் மரியாதைக்காகக் குனிந்தபடி, விறுவிறுவென்று வெளியே நடந்தாள். கண்ணீரில் படி தெரியவில்லை. பின்னால் ஒலிபெருக்கி கரகரத்தது.

“காலியா விடாதீங்க! எழுதிக்கோங்க, எனக்கும் உண்டு!” அச்சு அசல் ‘க’ பேச்சு, தீவு முழுக்கக் கேட்டது. “லூப்பே, நில்லுடி! அன்னிக்கு நீ விமானம் ஏறறப்ப உங்கப்பா பக்கத்துலயே நின்னாரு... பயத்துல எனக்கு ‘த’தான் வந்துச்சு. போகாதேன்னு சொல்லத்தான் வந்தேன்டி!”