மூலமணி சொன்ன பெயர்

அனந்தநாயகி துக்கம் விசாரிக்கப் போன வீடுகளிலெல்லாம் அந்த வரி கேட்கும். வந்தவர்கள் வீட்டாரின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள்: “விளக்கு எரிகிறது, நீ வருவாய் என்றல்ல, நீ இருந்தாய் என்று.” உடனே எல்லார் காதிலும் மூலமணி முணுமுணுக்கும்: “சொன்னவர் தெரியவில்லை.”

மூலமணி என்பது காதில் செருகும் பொட்டளவு கருவி. யார் எந்த வரியை இரவல் வாங்கிப் பேசினாலும், முதலில் சொன்னவர் பெயரைக் கேட்பவர் காதில் போட்டுவிடும். அது வந்த பிறகு மேடைப் பேச்சாளர்களில் பாதிப்பேர் வாயைத் திறப்பதில்லை. காதலிப்பவர்கள் பாடு அதைவிடத் திண்டாட்டம்.

அந்த வரி அவள் அப்பா சங்கிலிமுத்துவுடையது. கோவில்பட்டியில் அச்சகத்தில் இருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்காக எழுதியது. வரி ஊர் ஊராகப் பரவியது. அவரைத்தான் யாருக்கும் தெரியாது.

“சனங்க சொல்லுதாங்க. அது போதாதா தாயி?”

“உங்க பேரு வரணும்ப்பா. நீங்க இருக்கும்போதே வரணும்.”

பழைய சுவரொட்டியின் படத்தோடு மூலப் பதிவகத்துக்குப் போனாள். “பேரை ஏத்துனா இறக்க முடியாதும்மா, யோசிச்சுக்கோங்க” என்றார் அதிகாரி. “யோசிக்க என்ன சார் இருக்கு? ஏத்துங்க” என்றாள்.

அடுத்த சாவு வீட்டில் அப்பா பெயர் ஒலித்தபோது பூரித்துப்போனாள். சாவு வீட்டில் பூரிக்கக் கூடாதுதான். ஆனால் மகனைப் பறிகொடுத்தவள் காதில், அந்த நேரத்தில், எவரோ ஒரு சங்கிலிமுத்து! “எங்க வீட்டு எழவுல இவரு யாரு?” என்று ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார். சனங்கள் மெல்ல அந்த வரியை விட்டார்கள். கையைப் பிடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து போகப் பழகினார்கள். யாராவது வாயெடுத்தால், “சங்கிலிமுத்துவைக் கூப்பிட்டுராதீங்க” என்று அடக்கினார்கள். அப்படித்தான் அவர் பெயர் ஊரெங்கும் பிரபலமாயிற்று.

சில வருடங்களில் சங்கிலிமுத்து காலமானார். அந்தப் பெயர் பொருந்துகிற ஒரே சாவு வீடு இதுதான், இங்கே தாராளமாகச் சொல்லலாம் என்று அனந்தநாயகி காத்திருந்தாள். துக்கப்பட்டவர் தமக்குத் தாமே அதைச் சொல்லிக்கொள்ளும் வழக்கமில்லை. வந்தவர்தான் சொல்ல வேண்டும். வந்தவர்களோ கையைப் பிடித்தார்கள், எழுந்து போனார்கள்.

கடைசியாக வந்த எதிர்வீட்டுப் பாண்டியம்மாளின் கையை அவள் விடவில்லை.

“அக்கா, இங்க சொல்லலாம்க்கா. எங்கப்பா வரிதானே. ஒரு தடவை சொல்லுங்க.”

பாண்டியம்மாள் வாயெடுத்தாள். வரவில்லை. கண் கலங்கிவிட்டது.

“அப்பா பேரு நல்லா ஞாபகம் இருக்கு தாயி. அந்த வரிதான்... என்னமோ விளக்குன்னு வருமே?”