ஜெபத்தில் ஒரு பெயர்

பெயரைச் சொன்னதும், அடிவயிற்றில் புதுக் கிட்னி வைத்துத் தைத்த இடத்தில் ஏதோ திரும்பியது. கூப்பிட்டால் பிள்ளை திரும்புமே, அப்படி. வேதசிரோமணி ஜெபத்தைப் பாதியில் நிறுத்தினார்.

மலேசியாவில், ஈப்போ ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் கட்டில்களில் படுத்தபடி எல்லோரும் பேசிக்கொண்டதுதான்: மெட்ராஸுக்குப் போனால் பிழைக்கலாம், காசுக்குக் கிட்னி கொடுக்கிறவளுக்கும் ஒரு வழி பிறக்கும், இதில் பாவம் எங்கே வந்தது. அவரும் நம்பினார். சாகப் பயம், நம்பாமல் என்ன செய்வது. ஆபரேஷன் முடிந்து ராஜகீழ்ப்பாக்கத்தில் வாடகை வீடு, ஊர் திரும்ப வெள்ளிக்கிழமை விமானம். மனசு கேட்காமல் புரோக்கரை நச்சரித்து, கொடுத்தவளின் பெயரை மட்டும் வாங்கியிருந்தார், சாயங்கால ஜெபத்தில் சொல்வதற்காக. பொன்னி சுகமாயிருக்கட்டும்.

மறுநாள் சாயங்காலம் மழை, கரண்ட் இல்லை. ஊறிய சுவரின் சுண்ணாம்பு வாசனைக்கு அடியில், உப்பும் மீனும் கலந்த இன்னொரு வாசனை ஜன்னல் வழியாக மெல்ல ஏறி வந்து மெழுகுவர்த்தி வரைக்கும் பரவியது. பெயரைச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.

மனைவி ஜெயசீலி கதவைத் திறந்தாள். நனைந்த புடவையில் ஒரு பெண்.

"பொன்னியோட அம்மா, கங்கையம்மா. கோவளத்துலேர்ந்து வர்றேன். புரோக்கர்தான் வூட்ட காமிச்சான்."

"பொன்னி நல்லா இருக்காளாம்மா?" என்று வேதசிரோமணி கேட்டார்.

"தையல் போட்ட எடத்துல சீழ் புடிச்சிகினு செத்துப்பூட்டா சார்."

அவள் அழவில்லை. அவருக்குத்தான் நெஞ்சு உடைந்தது.

"பதினாறாம் நாள் வரிக்கும் செத்தவங்க பேர நாங்க சொல்ல மாட்டோம். முதல்ல கூப்ட்ற வூட்டுக்குத்தான் ஆவி வரும். நேத்து பதினாறாம் நாள், படையல் வெச்சுக் கூப்டேன். வரல. நீ அதுக்கு முன்னாடியே தெனம் ஜெபத்துல கூப்டுகினு கீறியாம், புரோக்கர் சொன்னான்."

"உயிரோட இருக்கான்னு நினைச்சேம்மா. அவ நல்லா இருக்கணும்னுதான்..."

"தெரியும் சார். நீ நல்ல மன்சன். நான் வர்றேன்."

படி இறங்கினாள்.

தையல் இழுத்தது. உள்ளேயிருந்து ஒரு உதை. இன்னொன்று. வாயைப் பொத்தினார். கை விலகியது. அவர் விலக்கவில்லை.

"அம்மா, என்ன வுட்டுட்டுப் போவாத."

அவர் வாயிலிருந்து ஒரு இளம்பெண்ணின் குரல். ஜெயசீலி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

கங்கையம்மாள் திரும்பி வந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. மண்டியிட்டு, சட்டையை விலக்கி, தையலின் மேல் காதை வைத்துக்கொண்டாள்.

"சாப்டியாம்மா?" என்று கேட்டாள்.

அவர் வாய் பதில் சொல்லத் தொடங்கியது.