கோடு தெரியாத பெட்டி

முகூர்த்தம் முடியப் போகிறது, தாலி பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டி திறக்க மாட்டேன் என்கிறது. மணமேடை ஓரத்தில் நின்று செங்கொடி மூடியைத் திருகினாள், இழுத்தாள், நகத்தால் நெம்பினாள். நெம்புவதற்கு ஒரு கோடாவது தெரிந்தால்தானே?

தம்பி கல்யாணத்துக்காக அவளே அறுத்துச் செய்த தேக்குப் பெட்டி. இழைவாள் வந்த பிறகு தச்சுவேலையில் ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது. அந்த வாள் மரத்தைக் கிழிப்பதில்லை. ஒலியதிர்வால் நாருக்கு நார் பிரித்துவிடும். அறுத்த இரண்டு முகங்களைச் சேர்த்துக் கையால் அழுத்தினால் போதும், மரம் அறுபட்டதையே மறந்து ஒன்றாகிவிடும். பலகை நுனிகளை நாற்பத்தைந்து பாகையில் அறுத்துச் சேர்த்தால் மரத்தின் ரேகை மூலையில் உடையாமல் பெட்டியைச் சுற்றி ஓடும். ஊரில் கட்டில், கதவு, ஊஞ்சல் எல்லாம் இப்போது இப்படித்தான்.

செங்கொடிக்கு அந்த ரேகை மூடியிலும் ஓட வேண்டும். அதனால் ஆறு பக்கத்தையும் சேர்த்து முழுப் பெட்டியாக்கி, பிறகு மேலே ஒரு சுற்று அறுத்து மூடியைப் பிரித்தாள். சும்மா வைத்தால் ஒட்டாது, அழுத்தினால்தான் ஒட்டும். அது அவளுக்குத் தெரியும். சொந்தக்காரர்களைப் பற்றித்தான் தெரியவில்லை. தாலித்தட்டு ஆசிக்காகச் சபையைச் சுற்றி வந்தபோது, தொட்டுக் கும்பிட வேண்டிய பெட்டியை ஒவ்வொருவரும் பாசத்தைக் காட்டி அழுத்தி அழுத்தி வாழ்த்தி அனுப்பினார்கள்.

“என்னக்கா பண்ற? ஐயர் முறைக்கிறாரு,” என்றான் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த நன்மாறன்.

“மூடி ஒட்டிக்கிச்சுடா.”

“அறுத்துற வேண்டியதுதானே?”

“இழுத்துப் பிடிக்கிற கவ்வி பட்டறையில கிடக்கு. அது இல்லாம அறுத்தா வாள் போகப் போகப் பின்னாலயே மூடிக்கும்.”

“பழைய ரம்பம்?”

“இப்ப எவன்டா வச்சிருக்கான்?”

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மாதமாக ஊரெல்லாம் இந்தப் பெட்டியைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருந்தவள் அவள்.

மணப்பெண் அல்லி எழுந்து வந்தாள். பெட்டியை வாங்கி ஒருமுறை தடவிப் பார்த்தாள். சடங்குக்காக வைத்திருந்த அம்மிக்கல்லில் ஓங்கி அடித்தாள். சபையில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. கடைசியில் பலகை நடுவில் பிளந்து தாலி வெளியே வந்தது. மூலைகள் அப்படியே இருந்தன.

கெட்டிமேளம் முழங்கியது. நன்மாறன் முதல் முடிச்சைப் போட்டான். மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டியவை. செங்கொடி குனிந்து, நுனி எங்கே முடிகிறது என்றே தெரியாதபடி மஞ்சள் கயிற்றை உள்ளே செருகி இறுக்கினாள். கை பழகிய பழக்கம் அப்படி.

“அண்ணி,” என்றாள் அல்லி. தலை குனிந்தபடியே, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “அவிழ்க்க முடியுற மாதிரி போடுங்க.”

தம்பியின் முகத்தைப் பார்க்கச் செங்கொடிக்குத் தைரியம் வரவில்லை. அட்சதை தலையில் விழ விழ, செருகிய நுனியை வெளியே எடுத்துவிட்டுக் கையை விலக்கிக்கொண்டாள்.