மல்லாட்டைக் கம்மல்

இன்னைக்காவது இந்தக் கை நான் சொன்னபடி கேக்கணும். கேக்கலேன்னா வரிசையில எனக்கு இடம் கிடையாது.

இப்படி நினைத்துக்கொண்டே சவுரியம்மாள் மைதானத்தில் நின்றாள். மணல் பாதத்தைச் சுட்டது. அது அவளுக்கு உறைக்கவே இல்லை.

திண்டிவனத்தில் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம்தான் டிரில் வகுப்பு வந்தது. மற்றப் பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. பாவாடை தடுக்கிற்று. வெயிலில் முகம் கறுத்தது. லூர்துமேரிக்கு வெள்ளிக்கிழமைதோறும், டிரில் மணி அடிக்கிற நேரம் பார்த்து வயிறு வலிக்கும்.

"பேஜாரு புடிச்ச டிரிலுடி!" என்பாள். "கையத் தூக்கு, கைய எறக்கு. இதுக்கு ஒரு பள்ளிக்கூடமா?"

சவுரியோ வாரம் முழுவதும் வெள்ளிக்கிழமைக்காகவே காத்திருப்பாள்.

போன வருஷம் வரை அவள் ஆடு மேய்த்தாள். பையன்கள் பள்ளிக்கூடத்து வேலியில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பாள். உள்ளே பையன்கள் அவளைப் பார்த்தபடி வரிசையாக நிற்பார்கள். விசில் கேட்கும். ஐம்பது கைகள் ஒரே கைபோல மேலே போகும். அவளும் கையைத் தூக்குவாள். பக்கத்தில் இருந்தவை இரண்டு ஆடுகள்தான். அவை எதையும் தூக்கவில்லை.

அதனால் டிரில் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் எல்லாமே பக்கம் மாறி வந்தது.

"ஒன்னு!" ராஜாமணி டீச்சர் விசில் ஊதினார்.

எல்லோரும் வலது கையைத் தூக்கினார்கள். சவுரியின் இடது கை மேலே போயிற்று.

"ரெண்டு!"

எல்லோரும் வலப்பக்கம் திரும்பினார்கள். சவுரி இடப்பக்கம் திரும்பினாள். அவள் மூக்கும் லூர்துமேரியின் மூக்கும் இடித்துக்கொண்டன.

"எம்மா! என் மூக்கு போச்சுடி!"

மைதானமே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"சவுரி, திங்கக்கிழமை இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வர்றாங்க. நீ அந்தப் படியில உக்காந்து பாரும்மா."

பார்ப்பதா? மறுபடியுமா?

சவுரி போய், வரிசைக்கு எதிரே படியில் உட்கார்ந்தாள். விசில் கேட்டதும் அவள் கைகள் தாமாக எழுந்தன. லூர்துமேரி வழக்கம்போல எல்லாவற்றையும் மறந்துவிட்டு, சவுரியைப் பார்த்துச் செய்தாள். மற்றப் பெண்களும் அப்படியே செய்தார்கள். அன்று ஒரு கைகூடத் தப்பவில்லை.

அப்போதுதான் சவுரிக்குப் புரிந்தது. மத்தியானம் லூர்துமேரியைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள்.

"நான் எதிர்ல நின்னு கத்துக்கினேன்டி. கண்ணாடில பாக்கற மாதிரி. அதான் கை மாறிப்போவுது."

லூர்துமேரி யோசித்தாள். அவள் இடுப்பு மடிப்பில் எப்போதும் மல்லாட்டை இருக்கும். பச்சை வேர்க்கடலைக் காய் ஒன்றை எடுத்து அதன் மூக்கை அழுத்தினாள். ஓடு வாயைத் திறந்தது. அதைச் சவுரியின் வலது காதில் கவ்வ விட்டாள்.

"கம்மல் இருக்கிற பக்கம் சோத்துக்கை. போதுமா?" என்றவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இன்னொரு காதுக்கும் போட்டா இன்னும் அழகா இருக்கும்."

"ஐயோ, போடாதடி! மறுபடியும் கொழம்பிடுவேன்!"

மணி அடிக்கும்வரை சவுரி திரும்பத் திரும்பச் செய்தாள். காது எரிந்தது. கை தப்பவில்லை.

சாயங்காலம் மறுபடி எல்லோரும் வரிசையில் நின்றார்கள். லூர்துமேரிக்கும் தாஜுன்னிசாவுக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது.

டீச்சர் சவுரியைக் கூப்பிட்டார். "காலைல எல்லாரும் உன்னைப் பாத்துத்தான் சரியா செஞ்சாங்க. திங்கக்கிழமை நீ முன்னால ஸ்டூல் மேல ஏறி நில்லு. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா உன் பேரையே எழுதிக்கினு போவாங்க, பாரேன்."

"சரின்னு சொல்லுடி!" என்று லூர்துமேரி கிசுகிசுத்தாள்.

சவுரி ஸ்டூலைப் பார்த்தாள். அதன்மேல் ஏறினால் எல்லோரும் எதிரே இருப்பார்கள். அவள் மட்டும் தனியாக நிற்பாள்.

"வேணாங்க டீச்சர்."

"ஏம்மா? லூர்து மறந்துட்டா யாரைப் பாப்பா?"

"பக்கத்துல நின்னு பாத்துக்குவாங்க. பக்கத்துல நின்னு பாத்தா கை மாறாது."

காதிலிருந்த மல்லாட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, சவுரி அந்தக் காலி இடத்தில் போய் நின்றாள்.