பதினாறு மில்லிமீட்டர்

செவ்வாயில் ஒருவரைக் கையசைத்து வழியனுப்ப வேண்டுமென்றால் நூற்றிருபது சென்டிமீட்டராவது வளர்ந்திருக்க வேண்டும். அதைவிடச் சின்ன மூச்சுடை கிடையாது. மூச்சுடை இல்லாமல் ஏவுதளத்தில் நிற்க முடியாது. அங்கே பிறந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஏழு வயது மகிழ்நிலாவின் அப்பா அன்று மதியம் வடதுருவப் பனிச்சுரங்கத்துக்குப் புறப்படுகிறார். திரும்பி வர மூன்று வருடமாகும். உயரச் சான்றிதழ் வாங்க அவள் அம்மா தமயந்தியுடன் அளவை அலுவலகத்தில் நின்றாள்.

அளக்கும் இயந்திரத்துக்கு அளவன் என்று பெயர். கூரையிலிருந்து தலைக்கு ஒளிக்கதிர் பாய்ச்சி உயரத்தைக் கணக்கிடும், வாய்விட்டும் சொல்லும்.

"நூத்திப் பத்தொம்பது புள்ளி மூணு ஏழு ஒண்ணு."

ஐந்து முறை அளந்தும் அதே எண்தான். மகிழ்நிலா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தமயந்தி மூச்சுடை தைப்பவள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து மகளை அளந்தாள். நூற்றிருபதரை, நூற்றிருபத்தொன்றரை, நூற்றிருபத்தொன்று என்று வந்தது.

அதிகாரி குலசேகரன் சிரித்தார். மேசைக்கடியில் தடித்த ரப்பர் கால்மிதியில் பாதங்களைச் சுகமாக வைத்திருந்தார். "ஏம்மா, உங்க டேப்பு மூணு தடவைக்கு மூணு பதில் சொல்லுது. நம்ம அளவன் தசமத்துலகூட மாறல. எதை நம்புறது?"

"சார், அஞ்சு தடவையும் ஒரே பதில் வந்தா நான் பிடிவாதக்காரன்னு அர்த்தம். சரியா சொல்றேன்னு அர்த்தமில்ல" என்றது அளவன். "உயரம் தெரிஞ்ச யாரையாவது நிக்க வைங்க, பாத்துரலாம்."

"என்னையே பாரு. அடையாள அட்டைல நூத்தி அறுபத்தஞ்சு." குலசேகரன் மிடுக்காகப் போய் நின்றார்.

"நூத்தி அறுபத்து மூணு புள்ளி நாலு பூஜ்யம் பூஜ்யம்."

"சுருங்கிட்டேன் போல. வயசாகுதுல்ல" என்றார் அவர். பாவம், மனிதர் அப்போதும் இயந்திரத்தைச் சந்தேகிக்கவில்லை.

"அதிகாரிக்குக் குறைஞ்சபட்ச உயரம் நூத்தி அறுபத்து நாலு சார். மேலிடத்துக்குத் தெரிவிக்கணுமா?"

குலசேகரன் தமயந்தியின் பக்கம் திரும்பினார். "அம்மா, அந்த டேப்பைக் கொஞ்சம் குடுங்க."

தமயந்தியே அவரை மூன்று முறை அளந்தாள். நூற்று அறுபத்து நாலரை, நூற்று அறுபத்தைந்தரை, நூற்று அறுபத்தைந்து.

"அறுபத்தஞ்சரையே போட்டுக்க" என்றார் குலசேகரன் அளவனிடம். "கையால அளக்குற மாதிரி வருமா? பாப்பாவுக்கும் டேப்பு அளவையே எழுதிக்க."

அன்று மதியம் செம்மண் தரையில், சற்றுத் தொளதொளத்த மூச்சுடைக்குள், மகிழ்நிலா இரண்டு கைகளையும் ஆட்டினாள். அவள் அப்பா ஊர்தியின் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த தமயந்திக்கு அழுகை வந்துவிட்டது.

அலுவலகத்தில் அளவன் தவறைக் கண்டுபிடித்திருந்தது. "சார், நான் நிக்க வைக்கிற இடத்துல பதினாறு மில்லிமீட்டர் கனத்துல ஒரு கால்மிதி இருக்கணும். அதைக் கழிச்சுதான் நான் உயரம் சொல்றேன். போன மாசம் நீங்க எடுத்துட்டுப் போனீங்க."

"குளிர் போகட்டும், தரேன்" என்று குலசேகரன் கால்களை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார். "அதுவரைக்கும் நீ தசமத்தைச் சரியா சொல்லு, போதும்."