திருத்தக் கூடாத சுருதி

பாலித் தீவின் டென்பசாரில் அன்று பெய்த மழையில் தவளைகளே வாடகைக்கு இடம் தேடி அலைந்தன. நம்பாதவர்கள் தவளைகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

சொட்டச் சொட்டக் காப்பிக் கடைக்குள் ஓடிவந்த விரவான், சுவரிலிருந்த ஒரே பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் லேப்டாப்பைச் செருகினான். எதிர் மேசையில் ஒரு திரை அணைந்தது... அதன் பின்னாலிருந்து இரண்டு கண்கள் எழுந்தன. மழை விட்டுவைத்த இடமெல்லாம் அந்தப் பார்வையில் நனைந்தது.

"கண்ணு தெரியலையா, பிளி?" பாலியில் இளைஞனைப் 'பிளி' என்றும் இளம்பெண்ணைக் 'கெக்' என்றும்தான் கூப்பிடுவார்கள்.

"தெரியுதே... ரெண்டு."

அவள் செகாரினி. ஊர்க் கமெலான் வாத்தியங்களின் ஒவ்வொரு வெண்கலப் பட்டையையும் தானே தட்டிப் பதிவு செய்து, கணினியில் வாசிக்கும் மென்பொருளாக மூன்று வருஷம் உழைத்துத் தனியாளாய்ச் செய்து விற்பவள். இப்போது ஏஐயிடம் கேட்டால் இலவசமாய்க் கொட்டுகிறதாம், வாங்க ஆளில்லை. இந்த வாரத்தோடு அதை மூடிவிட்டு, அண்ணனின் ஸ்கூட்டர் வாடகைக் கடையில் உட்காரப் போகிறாளாம்; கோபம் ஆறியதும் அவளே சொன்னாள்.

"இதுக்கா மூணு வருஷம்?" ஜகார்த்தாவில் வளர்ந்த பாலிப் பையன், வாய் சும்மா இருக்குமா? "ஏஐய வச்சு நான் ஒரே சாயங்காலத்துல முடிச்சிருப்பேன்."

"முடிச்சுட்டு வாங்க... அப்புறம் பேசுங்க!" தன் பதிவுகள் இருந்த பென் டிரைவை அவன் பக்கம் தள்ளினாள்.

மறுநாளும் மழை. முடித்தே கொண்டுவந்துவிட்டான். திரையில் பட்டன்களெல்லாம் பளபள.

"ஒரு பெரிய தப்பையும் ஏஐ கண்டுபிடிச்சுது, கெக். ஜோடி வாத்தியங்கள்ல ஒண்ணுக்கொண்ணு சுருதியே சேரல. எல்லாத்தையும் சரி பண்ணியாச்சு."

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். அவன் செய்ததை ஒலிக்கவிட்டாள். பக்கத்து வயல் வாத்துகள் நின்றபடியே தூங்கிப்போயின. பிறகு தன்னுடையதை... அதே சுரம்தான். ஆனால் இரண்டு வெண்கலங்களுக்கு நடுவே ஓர் அலை எழுந்தது, நடுங்கியது, மூச்சுவிட்டது. வாத்துகள் வரிசையாய் வந்து கடை வாசலில் நின்றன.

"ஒண்ணைக் கொஞ்சம் ஏத்தி, இன்னொண்ணைக் கொஞ்சம் இறக்கித்தான் செய்வாங்க. அந்த அலைதான் உயிரு. பாலிக்காரருக்கு இதுகூடத் தெரியாதா?"

விரவானின் பெருமையெல்லாம் கூரைத் தண்ணீரோடு போயிற்று. அவளோ பையைத் தோளில் மாட்டிவிட்டாள். ஐயோ, போய்விட்டால்...? இந்தக் கண்களை இனி எந்தக் கடையில் தேடுவது?

"மூடிடாதே..." குரல் அவனுக்கே கேட்கவில்லை. "எது தப்புன்னு சொல்ல ஏஐ இருக்கு. எது தப்பே இல்லன்னு சொல்ல நீதான் வேணும். நீ சொல்லு... எடுபிடி வேலையை நானும் அதுவும் பாத்துக்கறோம்."

"கூட்டாளியா சேரக் கூப்பிடுறீங்களா?"

"அதுக்கும்..."

அவள் காது சிவந்தது. "நமக்குள்ள ஒத்தே போகாது, பிளி."

"ஒத்துப்போக வேணாம். கொஞ்சம் விலகியே இரு... ஆனா பக்கத்துலயே இரு."

மழை கொட்டியது. பை மெல்லத் தோளிலிருந்து இறங்கியது. குனிந்த தலை நிமிராமலே சொன்னாள்...

"அப்ப நீங்களே வந்து, ஸ்கூட்டர் கடைக்கு வேற ஆள் பாக்கச் சொல்லி எங்கண்ணன்கிட்ட சொல்லுங்க."